சுதந்திர மாதத்துத் தராசு

விமான நிலையக் கதவு திறந்ததும் பூனையின் மூக்குக்கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டது. அதனால் அந்த நாட்டில் அவள் முதலில் பார்த்தது வெறும் நிறங்களைத்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்போதும் அதே நிறங்கள்தான் இருந்தன. விளக்குக் கம்பத்தில் கொடி. டாக்சியின் இரண்டு காதுகளிலும் கொடி. குப்பைத் தொட்டிக்குக்கூடக் கொடியின் நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். துணிக்கடை வாசலில் நின்ற பொம்மைக்கு வேறு எதுவும் போடாமல் கொடியை மட்டும் சுற்றி மானத்தைக் காப்பாற்றியிருந்தார்கள்.

“இந்த மாசம் பூரா இப்படித்தான்,” என்றார் சித்தப்பா, அவளுடைய பெட்டியை இழுத்தபடி. “சுதந்திர மாசம். எல்லாம் நடக்கும். வேலை மட்டும் நடக்காது.”

பூனைக்கு வேலை நடந்தாக வேண்டும்.

பூனை என்பது வீட்டில் வைத்த பெயர். நடந்தால் சத்தம் கேட்காது. பேசினால் அதைவிடக் கேட்காது. இயற்பியல் படித்துவிட்டு, வருடத்தில் பாதி நாள் கம்பளிச் சட்டை போடுகிற ஊர் ஒன்றில், தராசு செய்யும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த நிறுவனம் இந்த நாட்டின் எடை அளவு அலுவலகத்துக்கு ஒரு தராசு விற்றது. அதே அலுவலகத்தில் அவள் சித்தப்பா கிடங்குப் பொறுப்பாளர். யாரை அனுப்பலாம் என்று மேலாளர் யோசிக்கவே இல்லை. சித்தி வீட்டில் தங்கினால் ஓட்டல் வாடகை மிச்சம்.

“தராசை அவங்க ஏத்துக்கிட்டா இனிமே வெளியூர் வேலை எல்லாம் உனக்குத்தான்,” என்று சொல்லி அனுப்பினார். “ஏத்துக்கலைன்னா தராசும் நீயும் ஒண்ணாத் திரும்பி வாங்க. டெலிபோன் பிரிவுல ஆள் இல்லாம திண்டாடறாங்க.”

நாள் முழுவதும் டெலிபோன். முன்பின் தெரியாதவர்கள். அதுவும் கோபத்தில் இருப்பவர்கள். மற்றவர்களுக்கு அது ஒரு நாற்காலி, பூனைக்குத் தூக்குமேடை.

மறுநாள் காலை, அலுவலகத்தின் மாடியில், குளிர்சாதனம் இருந்த ஒரே அறையில், தராசைக் கல்மேடை மேல் தூக்கி வைத்தாள். கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு சின்னத் தட்டு. தலைமுடி ஒன்றை வைத்தாலும் எடை சொல்லும். கிராமுக்குப் பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு நான்கு எண்கள். அந்த நான்காவது எண் இருக்கிறதே, அது சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி. யாராவது பக்கத்தில் பெருமூச்சு விட்டாலே கோபித்துக்கொள்ளும்.

கூட உதவிக்கு இருந்தவள் ஆய்வகத்துப் பெண். கண்ணாடி தடிமனாக இருந்ததால் எல்லோருக்கும் சோடாபுட்டி அக்கா. பூனை நூறு கிராம் எடைக்கல்லை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துக் கூண்டை மூடினாள். எண்கள் ஓடின, நடந்தன, நின்றன. நூறு, புள்ளி, நான்கு பூஜ்யம்.

“அடேங்கப்பா, பாறை மாதிரி நிக்குதே,” என்றாள் சோடாபுட்டி அக்கா.

அப்போது கீழே ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான்காவது எண் துள்ளியது. ‘தொம், தொம்.’ மூன்றாவது எண்ணும் சேர்ந்துகொண்டது. பிறகு எண்கள் எல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போலச் சிதறின.

பூனை ஜன்னலுக்கு ஓடினாள். கீழே முற்றத்தில் அலுவலகத்துப் பேண்டு அணி நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு பெரிய தொப்பை. தொப்பைக்கு மேல் அதைவிடப் பெரிய டிரம். பக்கத்தில் இரண்டு கையிலும் பித்தளை ஜால்ராவுடன் அவளுடைய சித்தப்பா.

“டிரம் அடிக்கிறது யாரு அக்கா?”

“பெரிய சார்.”

தராசு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டிய தலைமை அதிகாரி அவர்தான்.

“தினம் இப்படியா?”

“சுதந்திர தினத்தன்னிக்கு ஆபீஸ் ஆபீஸா அணிவகுப்புப் போட்டி இருக்குல்ல? போன வருஷம் தபால் ஆபீஸ் ஜெயிச்சுடுச்சு. இந்த வருஷம் விடக்கூடாதுன்னு காலையில கதவு திறந்ததும் ஆரம்பிப்பாங்க. மத்தியானம் முடிப்பாங்க. முடிஞ்சதும் ஆபீசைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். இந்த மாசம் அரை நாள்தானே.”

“நடுவுல நிறுத்தவே மாட்டாங்களா?”

“டீ குடிக்கறப்போ பெரிய சார் டிரம்மை இறக்கி வைப்பாரு. அப்பதான் மாடிக்கு வந்து கோப்பு பாப்பாரு.”

பூனைக்கு உயிர் வந்தது. “அப்ப நிக்கும்.”

“எங்க நிக்கும்? அவர் தோளை விட்டு இறங்கினா உங்க சித்தப்பா தோளுல ஏறிடும்.”

சொன்னது போலவே நடந்தது. டீ நேரத்தில் பெரிய சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். கையில் டீ. கண்ணில் முப்பது வருட எடை அளவுச் சந்தேகம். கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். கீழே சித்தப்பா டிரம்மைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார். எண்கள் ஆடின.

“என்னம்மா, உன் தராசு டான்ஸ் ஆடுது?”

பூனை வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“காய்கறிக் கடைக்காரன் தராசு ஆடினாலே நான் முத்திரை போட மாட்டேன். இதுக்கு எப்படிப் போடுவேன்?”

“சார்... கீழே...”

“கீழே என்ன?”

அவர் முகம் பக்கத்தில் வந்துவிட்டது. பூனை சட்டென்று கைபேசியை நீட்டினாள். அன்று காலை எண்கள் அசையாமல் நின்றபோது எடுத்த படம் அதில் இருந்தது.

“போட்டோவுல நான்கூட ஒல்லியாத்தான் இருக்கேன்,” என்றார் பெரிய சார். “என் கண்ணு முன்னாடி நிக்கட்டும். அப்புறம் பாப்போம்.”

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பூனை எல்லாவற்றையும் சித்தியிடம் சொன்னாள். சித்தி, மற்றவர்கள் பேசத் தயங்குவதையும் சேர்த்துப் பேசுகிறவள்.

“கேட்டீங்களா? உங்க டிரம்மால புள்ளைக்கு வேலை போயிடும்போல இருக்கு.”

சித்தப்பா சாப்பாட்டு மேசையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். “என் டிரம்மா? அது அவரு டிரம். நான் இருபது வருஷமா அவருக்கு ஜால்ரா போடறேன்.”

“அது ஊருக்கே தெரியுமே.”

“நிஜமான ஜால்ராவைச் சொல்றேன்டி. எனக்குக் கிடைக்கிறது அந்த டீ நேரம் ஒண்ணுதான்.”

“பெரிய சார்கிட்ட சொல்லிப் பாக்கட்டுமா சித்தப்பா, டிரம்மாலதான் ஆடுதுன்னு?” என்று பூனை மெல்லக் கேட்டாள்.

சித்தப்பா பதறிவிட்டார். “ஐயையோ! இந்த மாசத்துல டிரம்மைக் குத்தம் சொன்னா நாட்டையே குத்தம் சொன்ன மாதிரி. அப்புறம் உன் தராசு மட்டுமில்ல, நானும் வேலையை விட்டுட்டு உன்கூடக் கிளம்பவேண்டியதுதான்.”

“அப்ப நாளைக்கு டீ நேரத்துல டிரம்மைத் தொடாதீங்க,” என்றாள் சித்தி. “அவ்வளவுதானே?”

சித்தப்பா தட்டைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். “சரி. தொடலை. சத்தியம்.”

மறுநாள் டீ நேரத்தில் பெரிய சார் மாடிக்கு வந்தார். கீழே அமைதி. எண்கள் ஓடி, நடந்து, நிற்கப் போயின. பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது எண் கண்ணை மூடப் போகிற குழந்தை மாதிரி சொக்கியது.

‘தொம்.’

ஒரே ஒரு அடிதான். பிறகு, ஒன்று அடித்தாயிற்றே என்று இன்னொன்று. பிறகு ஒரு முழுப் பாட்டு.

“நாளைக்குப் பாப்போம்மா,” என்று பெரிய சார் கீழே போனார்.

“ஒரு அடி கேக்காதுன்னு நினைச்சேன்,” என்றார் சித்தப்பா பிறகு, தலையைக் குனிந்தபடி. “கை தானாப் போயிடுச்சும்மா.”

அடுத்த நாள் அவர் கையைப் பையில் விட்டுக்கொண்டு தள்ளி நின்றார். அலுவலக ஓட்டுநர் டிரம்மை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்கடுத்த நாள் காவலாளி. அந்த டிரம் காலியாகக் கிடக்கிற நிமிடத்துக்காக அலுவலகம் முழுவதும் காத்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இனி ஒரே ஒரு வேலைநாள்தான் பாக்கி. அது முடிந்தால் பூனை விமானம் ஏற வேண்டும். தராசோடு ஏறுவதா, தராசை விட்டுவிட்டு ஏறுவதா என்பதுதான் கேள்வி.

கடைசி நாள் காலை, பேண்டு அணி பாதி ஆட்டத்தில் இருந்தபோது வானம் திடீரென்று கொட்டியது. அந்த ஊர் மழை அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது. எல்லோரும் வாத்தியங்களைத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டுத் துண்டு தேடி ஓடினார்கள். பூனை கையில் நீளக் குடையுடன் மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். டிரம் கண்ணில் பட்டது. அதன் மேல் குச்சி. தலையில் துணி உருண்டை வைத்துத் தைத்த, முழங்கை நீளக் குச்சி.

பூனை இரண்டு பக்கமும் பார்த்தாள். குச்சியைக் குடைக்குள் செருகினாள். குடையின் பட்டையைச் சுற்றிப் பொத்தானைப் போட்டாள். வந்த வழியே படியேறினாள். சத்தமே இல்லை.

மாடியில் சோடாபுட்டி அக்கா அவளையும் பார்த்தாள், கொஞ்சம் புடைத்திருந்த குடையையும் பார்த்தாள். “குடைக்கு மாசமா தங்கச்சி?” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மழை விட்டதும் கீழே ரகளை ஆரம்பித்தது.

“என் குச்சி எங்கே?” பெரிய சாரின் குரலுக்கு டிரம் தேவையே இல்லை. “யார் எடுத்தா?”

எல்லார் கண்ணும் சித்தப்பா பக்கம் திரும்பியதைப் பூனை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

“நான் எடுக்கலை சார். சத்தியமா எடுக்கலை.”

“உன் சத்தியம்தான் ஊருக்கே தெரியுமே. குச்சியைக் குடு.”

“இல்லை சார்...”

“போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு? இப்பப் போய் ஒளிச்சு விளையாடறியா? ஆபீஸ் பூரா தேடுங்க. இவன் கிடங்கிலிருந்து ஆரம்பிங்க!”

பூனை இதை எதிர்பார்க்கவில்லை. டிரம் நின்றால் பெரிய சார் மாடிக்கு வந்து தராசைப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டிருந்தாள். குச்சி போன மனிதர் தராசையா பார்ப்பார்? சித்தப்பாவின் கிடங்கில் பெட்டிகள் உருண்டன. அலமாரிகள் நகர்ந்தன. ஓட்டுநர், காவலாளி, எழுத்தர்கள் எல்லோரும் கட்டடம் அதிர ஓடினார்கள். எண்கள் முன்னைவிட மோசமாகக் குதித்தன.

“நல்லா நிறுத்தினே போ,” என்றாள் சோடாபுட்டி அக்கா.

கடைசியில் கூட்டம் மாடிக்கு வந்தது. பெரிய சார் முன்னால், சித்தப்பா குற்றவாளி மாதிரி நடுவில், மீதிப் பேர் பின்னால். அறைக்குள் நுழைந்து மேசை இழுப்பறைகளை இழுத்தார்கள். யாரோ கல்மேடைக்கு அடியில் தவழ்ந்தார்கள். மூலையில் சாய்த்து வைத்திருந்த குடையை ஓட்டுநர் காலால் தள்ளிவிட்டுப் பின்னால் பார்த்தார்.

பூனை தராசைப் பார்த்தாள். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பெரிய சார் இதே அறையில் நிற்கிறார். கீழே டிரம் இல்லை. இதுபோல இன்னொரு நிமிடம் கிடைக்காது.

“யாரும் அசையாதீங்க!”

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தினமும் அணிவகுப்புப் பழகியவர்கள், கட்டளை கேட்டதும் பழக்கதோஷத்தில் விறைத்து நின்றுவிட்டார்கள். மேடைக்கு அடியில் இருந்தவர் அங்கேயே உறைந்தார். பெரிய சாரின் கால்கள்கூடத் தானாகச் சேர்ந்துகொண்டன.

எண்கள் ஓடின, நடந்தன, நின்றன. நூறு, புள்ளி, நான்கு பூஜ்யம்.

“சார்,” என்றாள் பூனை, பழைய குரலில். “பாருங்க.”

பெரிய சார் விறைப்பு கலையாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எண்கள் நின்றது நின்றபடி இருந்தன.

“இத்தனை நாள் ஏன் ஆடிச்சு?”

“டிரம்மால சார்.”

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்த டிரம் கீழே கிடக்கு. இது மாடியில இருக்கு,” என்றார் பெரிய சார். “இன்னிக்கு நின்னது, நேத்து ஆடிச்சு. அதுக்கு டிரம்தான் காரணம்னு நீ சொல்றே. எப்படி நம்பறது? இப்ப அடிச்சு, ஆடுதான்னு பாத்தா நம்பலாம். அடிக்கத்தான் குச்சி இல்லையே.”

அவர் சொன்னது சரி. பூனையும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நிரூபிக்கக் குச்சி வேண்டும். குச்சி வெளியே வந்தால் திருடியும் வெளியே வருவாள்.

அவள் போய்க் குடையை எடுத்தாள். பொத்தானை அவிழ்த்துத் தலைகீழாக உதறினாள். குச்சி தரையில் விழுந்து, உருண்டு, பெரிய சாரின் செருப்பில் முட்டி நின்றது. எண்கள் லேசாக ஆடின.

“அடிப்பாவி!” என்றார் சித்தப்பா. கோபமா, பெருமையா என்று பிரிக்க முடியவில்லை. “நீயா?”

“நான்தான் சார். சித்தப்பா எடுக்கலை.”

பெரிய சார் குச்சியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ அதைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

“போ. போய் அடி.”

“நானா சார்?”

“நான் இங்க நின்னு பாக்கணும்ல? உன்னை விட்டா வேற யாரு? போ.”

இருபது வருடத்தில் முதல்முறையாக உத்தரவின் பேரில் டிரம் அடிக்கச் சித்தப்பா படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்.

‘தொம்.’ எண்கள் துள்ளின. பெரிய சார் கையை உயர்த்தினார். ஜன்னலில் நின்ற ஓட்டுநர் “நிறுத்து” என்று கத்தினார். எண்கள் நின்றன. மெல்ல அடிக்கச் சொன்னார், மெல்ல ஆடின. பலமாக அடிக்கச் சொன்னார், பலமாக ஆடின. பெரிய சாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எடை அளவு அதிகாரி போய் டிரம்காரர் வந்துவிட்டார்.

“அப்போ எவன் அடி பலம்னு இது சொல்லுமா?”

“எவ்வளவு துள்ளுதுன்னு பாத்துச் சொல்லலாம் சார்.”

“நான் கீழே போறேன். அவன் ஒண்ணு, நான் ஒண்ணு. நீ பாத்துச் சொல்லு. இங்கேருந்து சத்தமாச் சொல்லணும்.”

கூட்டம் முழுவதும் அவருக்குப் பின்னால் இறங்கியது. மாடியில் பூனையும் சோடாபுட்டி அக்காவும் மட்டும். முதலில் சித்தப்பா அடித்தார். நடுத்தோலில் கனமாக ஒரு ‘தொம்.’ கடைசி இரண்டு எண்களும் கலங்கின. பூனை மனதில் குறித்துக்கொண்டாள். அடுத்து பெரிய சார். கை தலைக்கு மேல் போய் இறங்கியது. ‘படீர்!’ ஜன்னல் ஓரத்தில் இருந்த புறாக்கள் பறந்தன. காதைப் பிளக்கிற சத்தம். முற்றத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

பூனை தராசைப் பார்த்தாள். நான்காவது எண் மட்டும் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி அடங்கியது.

அவள் நம்பாமல் மறுபடி பார்த்தாள். சோடாபுட்டி அக்காவும் பார்த்தாள்.

“பெரிய சார்னு சொல்லிடு,” என்று அக்கா கிசுகிசுத்தாள். “காதால கேட்டவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. நீ சொன்னா முத்திரை. இல்லைன்னா உன் பாடு.”

பூனை ஜன்னலுக்கு வந்தாள். கீழே இருந்த முகங்கள் எல்லாம் அவளை நோக்கி நிமிர்ந்தன. தராசு, டெலிபோன் பிரிவு, எல்லாம் ஒரு வார்த்தையில் தொங்கின. தராசு ஒன்று காட்ட, வாய் வேறொன்று சொன்னால் அப்புறம் தராசு எதற்கு என்று தோன்றியது.

“சித்தப்பாவோடது!” என்று கத்தினாள். “சித்தப்பாவோட அடிதான் பெருசு!”

சித்தப்பா பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டார். பெரிய சார் டிரம்மைக் கழற்றினார். படியேறி வந்தார். தனியாக வந்தார்.

“நிஜமாவா?” என்று கேட்டார்.

“ஆமா சார். நான் ரெண்டு தடவை பாத்தேன்.”

“நான் எங்க அடிச்சேன்னு பாத்தியா?”

“இல்லை சார்.”

“விளிம்புல. சத்தம் காதைப் பிளக்கும், தரைக்கு ஒண்ணும் இறங்காது.” பெரிய சாரின் தொப்பை குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “கடைக்குச் சோதனை போடப் போனா முதல்ல எடை குறைஞ்ச பொய்க்கல்லைத்தான் வெச்சுப் பாப்பேன். அதையும் சரின்னு சொல்ற தராசைத் தூக்கிடுவேன். கடைக்காரனையும் சேத்து. நீ என் பேரைச் சொல்லியிருந்தா உன்னையும் பெட்டியில வெச்சுக் கட்டி அனுப்பியிருப்பேன்.”

முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றி, தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் குத்தினார். அந்தக் குத்தில் நான்கு எண்களும் ஆடின. அடங்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இடம் மட்டும் மாத்தணும்,” என்றார். “பின்கட்டுல ஒரு அறை இருக்கு. குளிர்சாதனத்தை அங்க மாட்டச் சொல்றேன். டிரம்மை மாத்த முடியாது, பாரு.”

“சரி சார்.”

“இன்னொண்ணு. விளிம்பு விஷயத்தை உங்க சித்தப்பாகிட்ட சொல்லிடாதே. சொன்னா மறுபடி போட்டி வைங்கன்னு என் உயிரை எடுப்பான்.”

கீழே சித்தப்பா ஏற்கெனவே பேச்சுவார்த்தையில் இறங்கியிருந்தார். அணிவகுப்பில் போகும்போது டிரம் பெரிய சாருக்கு, திரும்பும்போது தனக்கு. தராசே சொல்லிவிட்ட பிறகு மறுக்கப் பெரிய சாருக்கு வழி இல்லை. “திரும்பி வரும்போது நான் ஜால்ரா போடறேன், போதுமா?” என்று அவர் சொன்னதும் முற்றமே இரைந்து சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா நடந்ததை ஒரு முறை சொன்னார். கைகால் கழுவிவிட்டு வந்து இன்னொரு முறை சொன்னார். இரண்டாவது முறையில் பெரிய சார் அழுதுவிட்டதாக வந்தது. மூன்றாவது முறை தொடங்கும்போது சித்தி பூனையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“உண்மையைச் சொல்லு. இந்த மனுஷனுக்கு ஊறுகாய் பாட்டில் மூடியே திறக்க வராது. இவர் அடி அவ்வளவு பலமா?”

“தராசு அப்படித்தான் காட்டிச்சு சித்தி.”

“தராசைக் கேக்கலை. உன்னைக் கேக்கறேன்.”

பூனை தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். “நான் தராசு கம்பெனி ஆளு சித்தி. பொய் சொல்லுவேனா?”

“குடைக்குள்ள குச்சி வெச்சவதானே நீ?” என்றாள் சித்தி.